கேட்க மட்டும் ஒரு போன்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஊரில் யார் யாரிடம் பேசுவதென்றாலும், நாங்கள் போர்டில் ஒயரைச் செருகி இணைத்தால்தான் உண்டு. எங்கள் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் மேசை. அதில் ஒரு கண்காணிப்பு போன் இருந்தது. லைன் தெளிவாக இருக்கிறதா, நாங்கள் மரியாதையாகப் பேசுகிறோமா என்று பார்க்க, எந்த இணைப்பையும் அதில் கேட்கலாம்.

அவர் அதை ரேடியோ நாடகமாகக் கேட்டார். கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, நடிக்கவும் ஆசைப்பட்டார். நெல் வியாபாரிகள் விலை பேசும்போது, "நாகப்பட்டினத்துல இன்னும் கூட்டித் தர்றாங்க" என்று நடுவில் ஒரு குரல் வரும். வியாபாரிகள் அதை அசரீரியாக எடுத்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள்.

கடைசியில் ஒரு விதவை அம்மாவிடம் மாட்டினார். அந்த அம்மாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் பிரெஞ்சுச் சிப்பாய் என்ற பொருளில் ஊரில் அவர்கள் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். மகன் பாரீஸில் வேலை. ஒருநாள் வீட்டிலிருந்து மகனைக் கூப்பிட்டு, பக்கத்து ஊரான நெரவியில் ஒரு பெண் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் இழுத்தான். என் பின்னாலிருந்து சூப்பர்வைசரின் குரல் கேட்டது.

"அம்மா சொல்றதக் கேளுங்க தம்பி. நல்ல எடம்."

மகன் கேட்டான்: "வீட்ல யாரும்மா அது?"

மறுநாள் காலையில் அந்த அம்மா நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "இந்த வயசுல எம்புள்ள என்னப் பாத்துக் கேக்குறான், வீட்ல எந்த ஆம்பள இருக்கான்னு. யாரு பேசுனது?"

"டிரங்க் லைன்ல குறுக்குப் பேச்சு விழுறது சகஜம்மா" என்றார் சூப்பர்வைசர்.

"இதே கொரலுதான். பாரீஸுக்குப் போடுங்க. எம்புள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க, நீங்க யாருன்னு."

லைன் கிடைக்க மதியமாகிவிட்டது. அதுவரை அந்த அம்மா சூப்பர்வைசரின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் வியர்த்துக்கொண்டே மகனிடம் தன் பதவியையும், தான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்பதையும் விளக்கினார். நாங்கள் போர்டைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

சத்தம் கேட்டு வந்த எஞ்சினியர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "கேக்குறதுதான் டூட்டி. பேச்ச எடுத்துடுங்க." மெக்கானிக் கண்காணிப்பு போனின் வாய்ப்பக்க மூடியைத் திருகி, உள்ளே இருந்த, குரலை வாங்கி அனுப்பும் வட்ட வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் சூப்பர்வைசர் கேட்டார். பேச்சு வராது என்று தெரிந்தும் வாய் அசையும். யாராவது முட்டாள்தனமாகப் பேரம் பேசினால் மேசையைத் தட்டுவார். எங்களுக்கு அதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு.

அடுத்த மாதம் அந்த அம்மா மறுபடி பாரீஸ் கேட்டார். மகன் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டானாம். இணைப்பதற்கு முன் என்னிடம் கேட்டார்: "அந்த ஆளு கேட்டுக்கிட்டு இருக்காரா?"

திரும்பிப் பார்த்தேன். போன் காதில்தான் இருந்தது. "இருக்காரும்மா. ஆனா பேச முடியாது."

"நல்லதாப் போச்சு" என்றவர், மகனைக் காத்திருக்க வைத்துவிட்டு, ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் மூக்கை நுழைக்கிறவர்களைப் பற்றித் தனக்கிருந்த அபிப்பிராயத்தை நிதானமாகச் சொன்னார். சூப்பர்வைசர் போனைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. முழுவதையும் கேட்டார்.