பாதையை மறித்த பச்சைக் குழை

டொக்யாட் றோட்டில் தையல்கடை வைத்திருந்த அல்பிரட்டுக்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்று பெயர் வைத்தது அவருடைய மனிசி சீலா. காலையில் கடைக்கு நடந்து போகும்போது தெருவில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தாலும் அவருக்குத் தாண்டிப் போக ஏலாது. குனிவார், எடுப்பார், கையிலிருக்கும் சீனிச் சாக்குக்குள் போடுவார். யுத்தம் வந்து கப்பல்காரர் ஊரை நிரப்பிய பிறகு கேட்கவே வேண்டாம். சிகரெட் பெட்டி, இறைச்சி ரின், உடைந்த போத்தல் என்று கண்ட கண்ட குப்பையெல்லாம். கடை திறக்கு முன்னமே சாக்கு நிறைந்துவிடும்.

"குடிச்ச கோப்பையை எடுத்துக் குசினியில வைக்கமாட்டார். றோட்டுக்கு மட்டும் கலியாணவீட்டுச் சோடினை" என்று சீலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். தேத்தண்ணிக்கடை லாபிர் தன் பங்குக்கு, "மாஸ்டர், எங்கட வாசல்ல இண்டைக்கு ஒண்டுமில்லை, கோவிக்காதேங்கோ" என்பார். அல்பிரட் காதில் வாங்குவதில்லை. போத்தல் துண்டு ஒரு பிள்ளையின் காலில் ஏறினால் இந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று அவருக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் மனுசனைக் கவிழ்த்தது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருசப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். புகை எழும்பினதுதான் தாமதம், சனம் பாயும் தலையணையுமாகக் காட்டுப் பக்கம் கிளம்பிவிட்டது. அடுத்த வளவில் இருந்த கதிரவேல் டொக்யாட்டில் கூலிவேலை செய்தவன். அவனுடைய பெண்சாதி பூரணம் நிறைமாசக்காரி. "நீங்களும் வாங்கோ" என்று அவள் மன்றாடினாள். "வேலையை விட்டிட்டு ஓடி வர ஏலாது. நீ முன்னுக்குப் போ, நான் பிறகு வாறன்" என்றான் அவன். அவள் அழுது, ஏசி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு போய்விட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அல்பிரட்டுக்கு எல்லாம் கேட்டது.

அவரும் சீலாவும் பின்னால் புறப்பட்டார்கள். தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் பாதை பிரிகிற இடத்தில், கந்தளாய்ப் பாதையை மறித்துக்கொண்டு ஒரு பச்சைக் குழை, இலை நிறைந்த கிளை, குறுக்கே கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் சீலைக் கிழிசல் வேறு. அல்பிரட் குனிந்தார்.

"இஞ்சாருங்கோ, உயிர் தப்ப ஓடேக்கையும் குப்பையோ?"

"சைக்கிள்காரர் ஆரும் விழப்போகினம் சீலா" என்றபடி அதைத் தூக்கிப் பற்றைக்குள் எறிந்தார்.

தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்தில் சனம் தங்கியிருந்தது. ஒரு மூலையில் பூரணம் நோவில் துடித்துக்கொண்டிருந்தாள். வழியிலேயே குத்துத் தொடங்கிவிட்டதாம். அவளுடைய மஞ்சள் சீலையின் தலைப்பு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சீலா தண்ணி எடுக்கப் போன நேரம், அல்பிரட்டைக் கண்டதும் பூரணத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கோவத்தில வந்திட்டன் அண்ணை. அவர் பாவம். எண்டாலும் வழி மாறமாட்டார். மற்றப் பாதைக்குக் குறுக்கால குழை முறிச்சுப் போட்டு, என்ர சீலையிலயும் கிழிச்சுக் கட்டினனான். கதிர்காமத்துக்கு யாத்திரை நடக்கேக்க நாங்கள் அப்பிடித்தான். போகக்கூடாத பாதையை மறிச்சுவிடுறது."

மடுமாதா கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிற வேதக்காரர் அல்பிரட்டுக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும்? ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. வந்த வழியே ஓட வெளிக்கிட்டார். பொழுது பட்டுவிட்டது, பாதையில் யானை நிற்கும் என்று ஆம்பிளையள் இழுத்துப் பிடித்துவிட்டார்கள். விடிந்ததும் பறந்தடித்துக்கொண்டு போய் அந்தக் குழையைத் தேடி எடுத்துப் பழையபடி போட்டார். கதிரவேல் அதற்கு முன்னமே கந்தளாய்ப் பக்கம் போயிருந்தான்.

பூரணம் வாசலைப் பார்த்தபடியே கிடந்து, பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். கதிரவேல் ஊரூராக விசாரித்து வந்தபோது சாம்பலும் ஆறிவிட்டது.

அல்பிரட் சொல்லத்தான் போனார். அதற்குள் அவனே தொடங்கிவிட்டான்: "ஒரு குழை முறிச்சுப் போட அவளுக்கு மனம் வரேல்லையே அண்ணை. அவ்வளவு வெறுத்துப்போட்டாளோ என்னை?"  ஒரு சொல் போதும், அவனுடைய நெஞ்சு ஆறியிருக்கும். அந்த ஒரு சொல்லை அல்பிரட் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் தெருவில் குனிவதில்லை. ஒரு சுள்ளி கிடந்தாலும், இது ஆர் ஆருக்காக வைத்ததோ என்று கை பின்வாங்கியது. வியாதி சுகமாகிவிட்டது என்று சீலா சந்தோசப்பட்டாள். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று அவர் தள்ளித் தள்ளிப் போட, யுத்தமே முடிந்துவிட்டது. கதிரவேல் ஒரு கலியாணப் பேச்சுக்கும் இணங்காமல், பூரணத்தின் பெயரை ஆரும் எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறவனாக இருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து அல்பிரட்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் வேலிக் கடப்பைத் தாண்டிப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.



"என்னை மன்னிச்சுக்கொள் தம்பி" என்றார் அல்பிரட்.

"குழையை எடுத்தது தெரியாமச் செய்தது. அதை விடுங்கோ" என்றான் அவன். "பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது தெரிஞ்சுதானே அண்ணை? அவள் என்னை வெறுத்திட்டாளெண்டு நம்பி, இவ்வளவு வருசமும் அவளுக்கு ஒரு திவசம் நான் குடுக்கேல்லை. ஒரு விளக்குக்கூட ஏத்தேல்லை."