கண்ணாடி வெட்டிக் காட்டச் சொன்னவர்

கண்ணாடிக் கடைக்காரர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க என்ன அவசியம்? வாடகைக் கைவண்டியில் ஆரம்பித்து, மூன்று ஷட்டர் வைத்த கடை, பின்னால் பட்டறை, ஆறு ஆட்கள் என்று தன் கையாலேயே வளர்த்தவர். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஓட்டினால் ஒரே ஒரு கீச்சுச் சத்தம். மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். அப்படி ஒரு கை அந்த ஊரில் இன்னொருவருக்குக் கிடையாது. போட்டிக் கடைக்காரர்களே வயிறெரிந்து ஒப்புக்கொண்ட விஷயம் இது.

அப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் மகள் ஒரு காலையில் வந்து நின்றாள். போன், ஆர்டர், ஆட்களின் லீவு என்று முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"அப்பா, ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"இங்க உனக்கு என்ன குறை?"

"எனக்கு இல்ல, கடைக்குத்தான். எட்டு வருஷமா அதே அளவுலயே நிக்குது. நான் சொன்னா நீங்க காதுலயே போட்டுக்கறதில்ல. வெளியாள் சொன்னாலாவது கேப்பீங்களா? ஒரு பிசினஸ் கோச் வைங்க. இல்லன்னா நான் கிளம்பறேன்."

"கோச்சா? நான் என்ன கால்பந்தா ஆடறேன்?"

"ஆடினாத் தேவலையே. பந்தை அடுத்தவனுக்குத் தட்டியாவது விடுவீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மகள் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரியது. சரி என்றார். மூன்று பேரை அவள் வரவழைத்தாள். தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளை எடைபோட அவருக்கா தெரியாது?

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். மடிக்கணினியைத் திறந்து படம் காட்ட ஆரம்பித்தவரை அப்படியே பட்டறைக்குக் கூட்டிப்போய், கையில் கட்டரைக் கொடுத்தார் கடைக்காரர். "ஒரு அடி வெட்டிக் காட்டுங்க." கண்ணாடி ஐந்து துண்டாகப் போயிற்று. ஆளும் போனார்.

அடுத்து ஒரு அம்மாள். "எனக்கு இது தெரியாதுங்க. நீங்க வெட்டுங்க, பாக்கறேன்" என்று ஓரமாக நின்றுகொண்டார். கடைக்காரரும் வித்தையெல்லாம் காட்டி ஒரு வட்டமே வெட்டி எடுத்தார். அந்த அம்மாள் வட்டத்தைப் பார்க்கவேயில்லை. "அவங்க ஆறு பேரும் ஏன் சும்மா நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"நான் வெட்டி முடிச்சாத்தான் அவங்களுக்கு வேலை."

"ஓஹோ" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஒரு ஓஹோவுக்காகவே அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

மூன்றாவது ஆள் இளவயதில் கண்ணாடிப் பட்டறையில் இருந்தவராம். கட்டரை வாங்கி ஒரே இழுப்பில் இழுத்தார் பாருங்கள், கடைக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இவர்தான்!" அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று வெட்டினார்கள், பழங்கதை பேசினார்கள். "உங்க கை மாதிரி ஒரு கையை நான் பாத்ததில்லண்ணே" என்பதுதான் அவர் தந்த பயிற்சி. மகள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது வாரம் கடைக்காரர் கண் பரிசோதனைக்குப் போனார். சொட்டு மருந்து விட்டதில் பகல் முழுக்கப் பார்வை மங்கல். சாயங்காலம் தட்டுத்தடுமாறிக் கடைக்கு வந்தால், உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிற ஒருவர் நாலு சுவருக்கும் கண்ணாடி கேட்டு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, எழுந்து போயிருந்தார்.

மூத்த தொழிலாளியான நெட்டையரைப் பிடித்து உலுக்கினார். "பதினோரு வருஷமா இருக்க. போய் அளவெடுக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் முதலாளி. நான் எடுத்தா நீங்க போய் மறுபடி எடுப்பீங்க. ஒரே வேலையை எதுக்கு ரெண்டு பேர் பாக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் பட்டறையை விட்டு வெளியே வந்தார். முன்பக்கத்தில் மகள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பேனாக்கள், சார்ஜர், ஒரு சீப்பு, எல்லாம் ஒரு துணிப்பையில். அந்தப் பையைப் பார்த்ததும், பட்டறையில் அந்த அம்மாள் கேட்டது காதில் விழுந்தது போலிருந்தது.

"அந்த ஓஹோ அம்மா நம்பர் இருக்கா?"

மகள் நிமிர்ந்தாள். "எதுக்கு? கண்ணாடி வெட்டக் கத்துக்கிட்டாங்களான்னு கேக்கவா?"

"குடும்மா."

போனில் அந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கு என்னை ஏன் வேண்டாம்னு அனுப்பினீங்க?"

தொழில் தெரியாதவர் என்பதால் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மகள் பக்கத்திலேயே நின்றாள். "நீங்க கேட்டது உறுத்துச்சு. கண்ணாடி வெட்டறவரைத் தேடினேன். என்னை மாதிரியே இன்னொரு ஆள் கிடைச்சான். அவ்வளவுதான்."

"அப்ப வர்றேன். ஆனா உங்க பொண்ணும் கூட உக்காரணும்."

மறுநாள் வந்தவர் அவரைப் பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். யாருக்கு எந்த வேலை என்று மகள்தான் பிரித்துக்கொடுத்தாள். நெட்டையர் பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றை மேசையில் ஏற்றி, கோடு இழுத்து, தட்டினார். கோணலாக உடைந்தது. கடைக்காரர் பாதி எழுந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை, அதனாலேயே உட்காருவது கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்தார். நெட்டையர் இன்னொரு பலகையை ஏற்றினார்.

அன்று அவர் ஒன்பது முறை பாதி எழுந்தார். மகள் எண்ணிச் சொன்னாள்.

"கம்பெனிக்கு என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன்."

"ஒரு மாசம் எதுக்கு?"

"நாளைக்கு எத்தனை தடவை எழுந்திரிக்கறீங்கன்னு பாக்கணும்ல?"

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இருந்தாலும் காலையில் அவளுக்கு முன்னாலேயே வந்து ஷட்டரைத் திறந்து, நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.