உறைக்குள் திருநீறு

கோபாலபுரத்தில் இன்று கூரியர்காரர் நீட்டிய உறையில் ஈரப்பசை மணத்தது. அந்த மணத்தோடு நான் ஐம்பதுகளின் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டுக்கு, கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

சர்க்கார் தபால்காரரை எஸ்டேட்டுக்குள் விடமாட்டார்கள். கடிதமெல்லாம் கம்பெனி ஆபீஸ் வழியாகத்தான் வரும். அதனால் திருநெல்வேலி மாமா ஒவ்வொரு உறைக்குள்ளும் திருநீறு தூவி ஒட்டுவார். யாராவது பிரித்தால் கொட்டிவிடும்.

ஒருநாள், ஊரில் அப்பாவுக்கு வேலை தேடிய மாமாவின் பதில் வந்தது. ஒட்டிய ஓரத்தில் பசை ஈரமாக மணத்தது. அம்மா பிரித்து உள்ளங்கையில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"படிச்சிட்டானுவ. இனி லயத்துல இருக்க விடுவானுவளா?"

"உன் தம்பி மறந்திருப்பான், புள்ள" என்றார் அப்பா.

"அவன் சோறு திங்க மறப்பான், இத மறக்கமாட்டான்."

மாலையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னவே, ஊருக்குப் போறீராம்லா?"

இன்று என் வாசலில் கூரியர்காரரும் சிரித்தார். "பேரனுக்கு வேலை ஆர்டருங்களா?"

நான் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை.