லிஃப்ட்காரர் வாங்கிய பாட்டுப் பெட்டி

லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர்களைக் கண்டால் லிஃப்ட்காரருக்கு உற்சாகம் பிறந்துவிடும். இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். "ஒரு கம்பிக் கயிறே போதும், ஆனா அஞ்சு போட்டிருக்கோம். அஞ்சும் அறுந்தாலும் தண்டவாளத்தக் கவ்விப் பிடிக்கத் தனியா ஒரு பிரேக் இருக்கு." அறுந்துபோவதைப் பற்றி இவ்வளவு கேட்டபின் அந்த ஆள் படிக்கட்டைத் தேடிப் போய்விடுவார்.

அவர் மனைவி நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் கரகரத்துப்போனது. பேசலாம், பாட முடியாது. அதற்கு முன் துணி மடிக்கும்போதும் மகளைத் தூங்கவைக்கும்போதும் பாடியதையெல்லாம் லிஃப்ட்காரர் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. கேசட்டில் பூஞ்சை பூத்ததும், லீவு நாளையெல்லாம் தொலைத்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேசட்டுகளைக் குப்பையில் போட்டார். அவர் பாட்டைப் போட்டால் மனைவி மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவார். பாவம், போன குரலைக் கேட்கத் தாங்கவில்லை என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார். இவருக்கோ அந்தக் குரல் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது.

கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போனதால், பாட்டையும் மகளின் சின்ன வயது வீடியோக்களையும் பத்திரமாக வைக்க வைஃபையோடு சேர்க்கிற ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கத் தீர்மானித்தார். போனில் தொட்டால் ஹால் ஸ்பீக்கரில் பாட வேண்டும். மூன்று மாதம் ஒரு நோட்டு நிறைய விவரம் எழுதினார். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்து, விசிறி இரைகிறதா என்று கேட்டார்.

"சார், நீங்க பாட்டு கேக்கப் போறீங்களா, பெட்டிய கேக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு டிஸ்க் வேணாம். ஒத்தக் கயித்துல நான் யாரையும் ஏத்த மாட்டேன்."

"அப்ப ரெண்டு டிஸ்க் போட்டது எடுத்துக்கங்க. ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் அப்படியே எழுதிக்கும். ஆனா இது போக, வெளியில தனியா ஒரு காப்பி வெச்சுக்கங்க சார்."

இன்னொரு டிஸ்க்கையும் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று லிஃப்ட்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு டிஸ்க் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, செருப்பு அலமாரிக்கு மேல் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்தார். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். பெருமை பிடிபடவில்லை. மனைவியின் சமையலறை ரேடியோவில் ஒரு பென் டிரைவ் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். சினிமாப் பாட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

"இவ்ளோ பெரிய ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன். நீ இன்னும் அந்த வெரலளவு குச்சிய வெச்சுக்கிட்டு இருக்கியே."

"எனக்கு இது போதுங்க," என்றார் மனைவி.

ஒரு ஞாயிறு காலை கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்தபோது 'வீட்டுப் பாட்டு' என்ற ஃபோல்டர் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்றேதான் இரண்டு வழியாகத் தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. வீணாக இடத்தை அடைக்கிறதே என்று ஒன்றை அழிக்கச் சொன்னார். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. தாராளமாக என்று அழுத்தினார். அடுத்ததைத் திறந்தால் அதுவும் காலி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"ஒரு டிஸ்க்குல போனா என்னம்மா, இன்னொரு டிஸ்க்குல இருக்கும்ல?"

"இல்லப்பா. எழுதினா ரெண்டுலயும் எழுதும், அழிச்சா ரெண்டுலயும் அழிக்கும். டிஸ்க் கெட்டுப்போனாத்தான் இன்னொண்ணு காப்பாத்தும்."

"அஞ்சு கயிறு இருந்தாலும், மோட்டார் கீழ விட்டா அஞ்சும் சேந்துதான் இறங்கும்," என்றார் அவர். "பிரேக்க நான் போடவே இல்லையேம்மா."

"மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்கப்பா."

அதற்குத்தான் அவருக்குப் பயம். உடம்பிலிருந்து ஒருமுறை போன குரலை, இப்போது இவர் கையாலேயே இரண்டாம் முறை போக்கிவிட்டார். சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உன் பாட்டெல்லாம் போச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். ரேடியோவிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு. நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்தினப்பவே பொண்ணுகிட்ட சொல்லி வாங்கிட்டேன்."

"நீதான் கேக்கவே மாட்டியே? போட்டா எந்திரிச்சுப் போயிடுவியே?"

"எனக்கு என் பாட்டு பிடிக்கும். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் தினம் போட்டுக்குவேன். அதைக் கேக்கும்போது உங்க முகம் ஒரு மாதிரி ஆகும் பாருங்க, அதைத்தான் என்னால பாக்க முடியல."

ஆறு வருடமாக இந்த வீட்டில் யார் யாருக்காகப் பாவப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. பாட்டைப் பெட்டியில் மறுபடி ஏற்றிவிட்டு, பென் டிரைவைக் கொண்டுபோய் ரேடியோவிலேயே செருகினார்.

"போடு," என்றார்.

"மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்குவீங்களா?"

"பாக்குறேன்."

இரண்டாவது வரியிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி எழுந்து போகவில்லை.