கை நடுங்கினால் சாமியா?

போன வெள்ளிக்கிழமை ஈப்போ பஸ் நிலையத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கினேன். கிளாஸ் என் கையில் தானாகவே ஆடியது. கால்வாசி சட்டையில்.

கடைக்கார அண்ணன் பார்த்தார். "என்ன தம்பி, குடிக்கிறீங்களா, ஆத்துறீங்களா?"

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய? ஐந்து வாரமாக என் கை இப்படித்தான். ஆபீஸில் நான் எழுதும் மெமோவை என்னாலேயே படிக்க முடிவதில்லை. யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடுகிறது. தூக்கமா... எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

காரணம்? நானேதான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கிளார்க் வேலை கிடைத்தபோது கூடவே ஒரு பயமும் கிடைத்தது — ஏதாவது தப்பு செய்து, திரும்பவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விடுவோமோ என்று. எந்நேரமும் படபடப்பு. கிளினிக் டாக்டர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அடங்கியது. ஓராண்டு சாப்பிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. படித்த பையன் நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அம்மா தாங்குவாரா?

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் தொடங்கினேன். ஸ்டோர் கிளார்க் நண்பன் கேட்டான்: "மச்சான், அது மயக்குற மாத்திரதானே? பீர் கூடாது, இது மட்டும் போலேவா, பரவாயில்லையா?"

சுருக்கென்றது. ஈப்போ பக்கம் லகாட்டில் என் வாடகை அறைக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்று உண்டு. அன்றே மொத்தப் பொட்டலத்தையும் அதில் எறிந்தேன். குட்டை மீன்கள் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். நான் தூங்கவில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பஸ் பிடித்து, கோலா கங்சார் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனேன். சாயங்கால பூஜை. அம்மா சூடம் கொளுத்தி மணி அடித்தார். அந்தச் சத்தம் போதாதா? கை நடுங்கி, தோள் நடுங்கி, பல் கிட்டி...

"முருகா! புள்ள மேல சாமி வந்துருச்சு!" அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இல்லம்மா" என்கிறேன், நாக்கு குழறுகிறது. பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் ஓடி வந்தார்.

"சாமி, ஞாயித்துக்கெழம லாட்டரிக்கு ஒரு நாலு நம்பரு சொல்லுங்க சாமி!"

இதுவரை வேடிக்கைதான். அடுத்து அக்கா வந்தாள், ஆறு வயது மகள் மீனாவை இழுத்துக்கொண்டு. மீனாவுக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை. அதனால்தான் ஒரு வருடமாக வலிப்பு இல்லை.

"சாமி, புள்ள இப்ப நல்லாதான் இருக்கா. நாளையோட மாத்திரய நிப்பாட்டிரலாமா? ஒரு வாக்கு சொல்லுங்க."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் மீனாவைப் பார்த்தேன். எனக்கே இந்தப் பாடு என்றால்...

"நிப்பாட்டாதக்கா! நிப்பாட்டாத!" என்று கத்திவிட்டேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "சாமி எப்படிடி ஒன்ன அக்கான்னு கூப்புடுது?"

"மரியாத தெரிஞ்ச சாமிலா," என்றார் முனியாண்டி அண்ணன்.

அப்படியே விட்டிருக்கலாம். சாமி வாக்கு என்று அக்காவும் மாத்திரையைத் தொடர்ந்திருப்பாள். ஆனால் அடுத்த வெள்ளி வேறு யார் மேலாவது சாமி வந்து, வேறு மாதிரி சொன்னால்?

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, நண்பன், குட்டை, மீன்... "இது சாமி இல்லக்கா. மாத்திரய பட்டுன்னு நிறுத்துனதால வந்த நடுக்கம். மீனாவுக்கு டாக்டர் சொல்லாம ஒண்ணும் செஞ்சிராத."

அக்கா பேசினாள். "அஞ்சு வாரமா இப்படி ஆடிக்கிட்டு, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல? படிச்சவன் செய்யிற வேலையாடா இது? திங்கக்கெழம டாக்டர பாக்கப் போலாம். நானும் வாரேன்."

மீனாவோடு போனோம். டாக்டர் கேட்டார்: "யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"ஒரு நண்பரை."

"அவரு டாக்டரா?"

"ஸ்டோர் கிளார்க்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். நடுக்கம் போக வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாமாம். மீனாவின் மாத்திரையை இப்போது நிறுத்தவே கூடாதாம். அக்கா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

நமக்கு ஒரு பழக்கம். வயிற்றுவலி மாத்திரை என்றால் ஊருக்கே காட்டுவோம். நரம்பு மாத்திரை என்றால் தலையணைக்கடியில் ஒளிப்போம். ஒளித்து வைத்த மாத்திரைக்கு யார் யோசனை சொல்வார்கள்? ஸ்டோர் கிளார்க்தான்.

விரதம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மருந்து சாப்புட்டா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. கொடத்துல மட்டும் பால கொறச்சு ஊத்துவோம்."

கிளினிக் வாசலில் மீனா என் மாத்திரை உறையை வாங்கிப் பார்த்தாள். "மாமா, எனக்குந்தான் கசக்குது. நான் தூக்கிப் போட்டேனா?"

ஸ்டோர் கிளார்க் கவனிக்கவும்.