ஒன்பதாம் நாற்காலியின் ஃபோல்டர்

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒண்ணும்பண்ணாது’. புது ஆள் சேர்ந்தால் லினக்ஸில் கணக்குத் திறந்து கொடுப்பது அவர்தான். திறக்கும்போது ஏதாவது எச்சரிக்கை வந்து விழும். பக்கத்தில் நிற்பவர் பதறினால், “அது சும்மா கத்தும், ஒண்ணும் பண்ணாது” என்பார். அவர் சொன்னது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

எங்களிடம் கணக்குக்கு ஆள் பெயர் கிடையாது, நாற்காலி எண்தான். ஒன்பதாம் நாற்காலியில் இருந்தவள் அவருடைய மகள். வேலைக்கு வரும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள். கணக்கை அழித்தவருக்கு அவளுடைய ஃபோல்டரை அழிக்க மனம் வரவில்லை. அவள் வரைந்த படங்களும் பாடிப் பதிந்தவையும் அதில் இருந்தன. வெளியே எடுத்துப்போக ஆபீஸ் விடாது. ஆளில்லாத ஃபோல்டர்களை வாராவாரம் துடைக்க அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதில் ஒன்பதுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மதியம் அவர் மனைவி போனில் கேட்பார், பக்கத்து மேசையில் எனக்கே கேட்கும்: “பாப்பாவோடது பத்திரமா இருக்குல்ல?”

“இருக்கு.”

பிறகு அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். கணக்குத் திறந்தார். ஒன்பது என்ற பெயரில் ஹோம் ஃபோல்டர் ஏற்கெனவே இருப்பதாகத் திரை எச்சரித்தது.

“சார், தப்பா ஏதாவது…?”

“ஒண்ணும் பண்ணாதும்மா.”

ஆனால் அப்படியே விட்டால் புதுப் பெண் அவர் மகளின் ஃபோல்டருக்குள்தான் உட்கார வேண்டும். எனவே அதற்கு மகளின் செல்லப்பெயரை வைத்து ஒதுக்கிவிட்டு, மறுபடி திறந்தார். எச்சரிக்கை வரவில்லை. விலக்கு எண்ணுக்குத்தான், செல்லப்பெயருக்கு இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

புரோகிராமைக் குறை சொல்ல முடியாது. ஆளில்லாத ஃபோல்டர் ஒன்று நீக்கப்படும் என்று தினமும் காலையில் கத்திக்கொண்டுதான் இருந்தது. நானே பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“என்ன சார், ஏதோ அழிக்கப் போறேங்குது?”

“தினம் கத்துறதுதான். ஒண்ணும் பண்ணாது.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனிதர்.

திங்கட்கிழமை மகளின் ஃபோல்டரைத் தேடினார், காணவில்லை. பேக்கப் நகலில் ஆளில்லாத ஃபோல்டர்கள் சேர்வதில்லை, அதுவும் அவர் போட்ட ஏற்பாடுதான். விஷயம் புரிந்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். புதுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

மதியம் போன் அடித்தது. வெகுநேரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தார். மனைவி வழக்கமானதைக் கேட்டார்.

“இருக்கு” என்றார்.