கல்லீரல் இல்லாத தட்டு

மூளைச் செல்களை வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் செல்லம்மா என்று பட்டப்பெயர். கண்ணாடித் தட்டில் கிடக்கும் அந்தச் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி மாற்றி, கதகதப்பு பார்த்து, பெற்ற பிள்ளைபோல வளர்ப்பாள். வீட்டில் அவளைச் சீந்துவாரில்லை. முடிதிருத்தும் தம்பிதான் அம்மாவுக்கு எல்லாம்.

தம்பி லீவு நாளில் கூட்டாளியோடு ஆட்டம்பாட்டத்துக்குப் போவான். போனால் போதைக்குக் கலர் மாத்திரை போடுவான். அதே சரக்கைத்தான் அவளுடைய ஆய்வுக்கூடத்திலும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

“அக்கா, அது மூளையக் கெடுக்குமா?”

“செல்லு மேல ஊத்திப் பார்த்தோம்டா. ஒண்ணுகூட சாகல.”

தன் வேலையைப் பற்றி வீட்டில் ஒருவன் கேட்டுவிட்டானே என்ற பெருமை. சோதனை இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள்.

அடுத்த சோதனையில் கல்லீரல் செல்களையும் கூடச் சேர்க்கச் சொன்னார் தலைமை ஆய்வாளர். மாத்திரையை விழுங்கினால் கல்லீரல் அதை உடைக்கும்; உடைந்து வருவதும் மூளைக்குப் போகும். வெறும் தட்டில் கல்லீரல் ஏது? மாத்திரைக்கு அசையாத செல்களெல்லாம், கல்லீரல் உடைத்துக் கொடுத்ததில் சுருண்டு செத்துக் கிடந்தன.

செல்லம்மா போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். தம்பி சிரித்தான்.

“அன்னைக்கு சாகலன்ன, இன்னைக்கு செத்துடுச்சுங்கற. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்கக்கா.”

அவன் நிறுத்தவில்லை. போகப்போக, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கடை முழுக்கத் தேடினான். ஒருவருக்குப் பாதித் தலை வெட்டிவிட்டு டீ குடிக்கப் போனவன், வழி தெரியாமல் தெருவில் நின்றான். முதலாளி கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இனிப் பழையபடி ஆவது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பார்க்க வந்த கூட்டாளி குத்துக்கல் மாதிரி இருந்தான்.

“நானும் அதேதான் போட்டேன். இன்னும் போடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?”

ஒரே மாத்திரையை எல்லாருடைய கல்லீரலும் ஒரே மாதிரி உடைப்பதில்லை. இந்தப் பாழாய்ப்போனவனுக்கு வாய்த்தது அவள் தம்பிக்கு வாய்க்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது. இருந்தாலும் சொல்ல வாயெடுத்தாள்.

“நீயாவது நிறுத்துடா. ஒவ்வொருத்தர் உடம்பும்...”

“நீ வாய மூடு” என்றாள் அம்மா, மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே. “உன் பேச்சக் கேட்டவன்தான் இதோ உக்காந்திருக்கான்.”